கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்



சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் ஒரு திருமண மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். இரவு எட்டு மணி, விருந்து தொடங்கிவிட்டது. மண்டபத்துக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் ஓரமாக நிற்கிறார். இளவட்டங்கள் அவருக்கு 'எம்.ஜி.ஆர்.' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொள்கிறார். குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டால் மட்டும், "நீங்க எடுங்க தம்பி, சாப்பாட்டுப் பக்கம் ஆள் இல்ல, நான் போய்ப் பார்க்கிறேன்" என்று நழுவிவிடுகிறார். செமிலிங், பீடோங், மெர்போக் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். அவருக்குப் பெயர் தேவையில்லை.

கலைஞர் கருணாநிதியும் விபத்தில் கண் பாதிக்கப்பட்ட பிறகுதான் கறுப்புக் கண்ணாடி அணியத் தொடங்கினார். தலைவர் முகத்தில் அது கம்பீரமாக அமைந்துவிட்டது. தோட்டத் தொழிலாளி முகத்தில் அதே கண்ணாடி இருந்தால், "என்ன, கண்ணு போச்சா?" என்று சின்னப் பையன்கூடக் கேட்கிறான். காலையில் வெளியே கிளம்பும்போது ஒற்றைக்கண்ணர் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் 'நொள்ளைக் கண்ணு' என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் விழுந்துவிட்டால், அந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை பெயர் போகாது.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில் ஒரு கண்ணைச் செய்து வைக்க முடியும். அதற்கென்றே ஒரு கைத்தொழில் இருக்கிறது. அதைச் செய்பவரை ஆக்குலரிஸ்ட் என்பார்கள்; தமிழில் செயற்கைக் கண் கலைஞர் என்று சொன்னால் போதும். அவர் செய்யும் கண்ணுக்குப் பார்வை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் அந்த எதிர்பார்ப்போடுதான் வருகிறார்கள். "கண் தானம் செய்தவரின் கண்ணை வைக்க முடியாதா?" என்றும் கேட்கிறார்கள். காளத்தியில் கண்ணப்பர் தம் கண்ணையே பெயர்த்து அப்பிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழுவது இயல்புதான். ஆனால் கண் தானத்தில் மாற்றிப் பொருத்துவது பெரும்பாலும் கருவிழியின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய படலத்தைத்தான். முழுக் கண்ணையும் மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை 2023 மே மாதம் நியூயார்க்கில் நடந்தது. கண் உயிரோடு நின்றது, பார்வை வரவில்லை.

தோட்டத்தில் கண் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ரப்பர் காலத்தில், பாலை உறைய வைக்க ஊற்றும் பார்மிக் ஆசிட் தெறித்துப் போனது உண்டு. செம்பனைக் காலத்தில் ஆபத்து மேலிருந்து வருகிறது. உயரமான மரத்துக் குலையை அறுப்பவர் நீண்ட கோலின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே இழுக்க வேண்டும். தூசு, மட்டையின் முள், உதிரிப் பழம் எல்லாம் விழுவது அந்த அண்ணாந்த முகத்தில்தான். முள் கீறிய கண்ணில் தாவரத்தோடு சேர்ந்து பூஞ்சைக் கிருமியும் போய்விடும். முதல் நாள் கொஞ்சம் உறுத்தல், அவ்வளவுதான். வீட்டில் யாராவது தாய்ப்பால் விடச் சொல்வார்கள், அல்லது பழைய கண் மருந்துப் புட்டியைத் தேடி எடுப்பார்கள். மருத்துவமனைக்குப் போகும்போது கருவிழியில் வெள்ளைப் புண் பரவியிருக்கும். முள்ளோ மட்டையோ பட்ட கண்ணில் எதையும் விடாமல் அன்றே மருத்துவரிடம் போவதுதான் ஒரே வழி. ஆசிட் பட்டால் மட்டும் முதலில் தண்ணீர். நிறைய, நெடுநேரம் ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு ஓட வேண்டும்.

இன்று செம்பனைக் குலை அறுப்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அன்று தோட்டத்தில் கண்ணை இழந்தவர்கள் இன்று அதே முகத்தோடுதான் பட்டணத்து அடுக்கு வீடுகளில் முதுமையைக் கழிக்கிறார்கள்.

சிதைந்து, பார்வையும் போய், வலியும் தீராத கண்ணை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னால் குடும்பமே அழுது மறுப்பது உண்டு. அந்த அழுகையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலமாகக் காயப்பட்ட கண்ணை அப்படியே விட்டுவைத்தால், அரிதாக, நல்லாயிருக்கும் மறு கண்ணையும் உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கத் தொடங்கிவிடலாம். மருத்துவர் அவசரப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணை எடுத்த பிறகு, அந்த இடத்தின் பருமன் குறையாதிருக்க உள்ளே ஓர் உருண்டையை வைத்துத் தைக்கிறார்கள். கண்ணை அசைக்கும் தசைகள் அதோடு இணைக்கப்படுவதால் உருண்டை ஓரளவு அசையும். இமைக்குப் பின்னால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சிப்பி ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுவைப்பார்கள். புண் ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இங்கேதான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. தையல் ஆறியது, வலி போனது, விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிப்பி கழன்று விழுந்தாலும் திரும்பப் போடுவதில்லை. சில மாதங்களில் குழி சுருங்கத் தொடங்கும். பிறகு எவ்வளவு கெட்டிக்காரக் கலைஞராக இருந்தாலும் அவர் கைக்கு வேலை செய்ய இடம் இருக்காது.

இன்னும் சிலர் ஆயத்தக் கண்ணோடு நிற்கிறார்கள். ஒரு பெட்டியில் வரிசையாகச் செய்து வைத்த பல அளவுக் கண்களில் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றை எடுத்து மாட்டிவிடுவது அது. அவசரத்துக்கு உதவும். ஆனால் ஒருவருடைய கண்குழி இன்னொருவருடையதைப் போல் இருப்பதில்லை. பொருந்தாத சிப்பிக்கும் சதைக்கும் நடுவே கண்ணீரும் அழுக்கும் தேங்கும், பீளை கட்டும், உறுத்தும். நிறமும் சேராது. கடைசியில் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும், கறுப்புக் கண்ணாடி முகத்துக்கு வந்துவிடும்.

மனிதர்கள் இந்தக் குறையோடு போராடியது நேற்று இன்று அல்ல. ஈரானின் கிழக்கே 'எரிந்த நகரம்' என்று பொருள்படும் ஷாரி சொக்தாவில் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டோடு செயற்கைக் கண் ஒன்று கிடைத்தது. 2006ஆம் ஆண்டு அதை உலகுக்கு அறிவித்தார்கள். ஏறத்தாழ 4,800 ஆண்டுகள் பழையது. தார் போன்ற பசையில் செய்து, மேலே மெல்லிய பொன் பூசி, கதிர்போல் கோடுகள் கீறி, இரு பக்கமும் நூல் கோத்துக் கட்டத் துளை போட்டிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர்களின் அறுவை மருத்துவர் ஆம்ப்ரோஸ் பாரே, பொன்னிலும் வெள்ளியிலும் செய்து வண்ணம் தீட்டிய கண்களைப் பற்றி எழுதி வைத்தார். பிறகு கண்ணாடி வந்தது. ஜெர்மனியில் லவுஷா என்ற மலையூரில் பொம்மைகளுக்குக் கண் ஊதிக்கொண்டிருந்த லுட்விக் மியூலர் ஊரி, 1835இல் மனிதர்களுக்கும் செய்யத் தொடங்கினார். ஜெர்மனியில் இன்றும் பெரும்பாலோர் அணிவது கண்ணாடிக் கண்தான்.

கண்ணாடி என்றதும் இந்தக் கடாரத்து மண்ணையும் நினைக்கத் தோன்றுகிறது. கோத்தா குவாலா மூடா அருகே சுங்கை மாஸில் ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே கண்ணாடி மணி செய்தவர்கள் இருந்தார்கள். தமிழகக் கரையின் அரிக்கமேட்டில் செய்த அதே வகைச் சின்னஞ்சிறு மணிகள். அவர்கள் கண் செய்யவில்லை. ஆனால் உருகிய கண்ணாடியில் நிறம் சேர்க்கும் கை இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல.

பெரிய திருப்பம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. போரினால் ஜெர்மன் கண்ணாடி அமெரிக்காவுக்கு வருவது நின்றுவிட்டது. கண்ணிழந்த சிப்பாய்களோ குவிந்துகொண்டிருந்தார்கள். அப்போது வழி கண்டவர்கள் கண் மருத்துவர்கள் அல்லர், இராணுவப் பல் மருத்துவர்கள்! பல்செட் செய்யும் அக்ரிலிக்கை எடுத்து 1940களின் நடுவில் கண் செய்து காட்டினார்கள். கீழே விழுந்தால் உடையாது, தேவைப்பட்டால் அரத்தால் தேய்த்துத் திருத்தலாம். ஜெர்மனிக்கு வெளியே இன்று உலகில் பெரும்பாலும் செய்யப்படுவது இதுதான். இந்தியாவின் பல பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைப் பல் துறையினரே கண்ணும் செய்கிறார்கள். 2001இல் தொடங்கப்பட்டு, இப்போது செமிலிங்கில் வளாகம் கொண்டிருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் பல் மருத்துவம் படிக்கிறார்கள். அவர்கள் பல்செட்டுக்குக் கலக்கும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கும் கண்ணுக்குக் கலக்கும் வெள்ளை அக்ரிலிக்கும் ஒரே குடும்பம்.

சரி, எப்படிச் செய்கிறார்கள்? முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அது கோலிக்குண்டு போன்ற உருண்டை அல்ல. உருண்டை ஏற்கெனவே உள்ளே தைக்கப்பட்டுவிட்டது. கலைஞர் செய்வது கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சல் போன்ற ஒரு வளைந்த சிப்பி. அது அந்த உருண்டைக்கு மேல், இமைக்கு அடியில் உட்காரும். உருண்டை அசையும்போது இதுவும் கொஞ்சம் அசையும்.

பல் மருத்துவர் வாயில் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் போன்ற பசையை, நடுவில் துளையுள்ள ஒரு சிறு தட்டு வழியாக ஊசிக்குழாயால் கண்குழிக்குள் மெதுவாகச் செலுத்துவார்கள். சில்லென்று இருக்கும், வலிக்காது. "நேரே பாருங்க, இப்போ மேலே, இப்போ கீழே" என்று சொல்லி நல்ல கண்ணை அசைக்கச் சொல்வார்கள். இரண்டொரு நிமிடத்தில் பசை இறுகிவிடும். வெளியே எடுத்தால் அந்த ஒருவருடைய குழியின் மேடு பள்ளம் முழுவதும் அதில் இருக்கும். அதிலிருந்து மெழுகில் ஒரு சிப்பி வார்த்து, போட்டுப் பார்த்து, எடுத்துச் சுரண்டி, மறுபடி போட்டுப் பார்த்து, ஓரிடத்தில் மெழுகு ஒட்டி, இப்படியே பல தடவை நடக்கும். இமை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, மூடினால் முழுக்க மூடுகிறதா, பக்கவாட்டில் பார்த்தால் புடைத்திருக்கிறதா என்றெல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடும். தொழில் தெரிந்தவர்கள் வண்ணத்தைவிட மெழுகுக்கே அதிக நேரம் கொடுப்பதில் வியப்பில்லை. நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும், ஓர் இமை இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் எதிரே நிற்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு கருவிழி. தமிழர் கண் என்றால் கறுப்பு என்று பாட்டில் சொல்வோம். வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்த்தால் கறுப்பே இல்லை. ஓரத்தில் கருமையான ஒரு வளையம், உள்ளே காப்பிக் கொட்டை நிறம், பாப்பாவைச் சுற்றிக் கொஞ்சம் வெளுத்த தேன் நிறம், நடுவே கதிர்போல் இழைகள். ஏறக்குறைய 11, 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வில்லையில் இத்தனையையும் மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகத் தீட்ட வேண்டும். ஓர் அடுக்கு காய்ந்ததும் நோயாளியின் நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த அடுக்கு. பகல் வெளிச்சத்தில் செய்தால்தான் நிறம் ஏமாற்றாது. ஒரு சங்கடம் உண்டு: உயிருள்ள கண்ணின் பாப்பா வெயிலில் சுருங்கும், இருட்டில் விரியும். செய்து வைத்த கண்ணில் அது ஒரே அளவில்தான் நிற்கும். ஆகவே வீட்டு வெளிச்சத்தில் மனிதர்களோடு பேசும்போது எப்படி இருக்குமோ அந்த நடுவளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வெள்ளை விழியும் வெள்ளை இல்லை. குழந்தைக்கு அதில் ஒரு நீலச் சாயல் இருக்கும். வயதானவருக்கு மஞ்சள் ஓடியிருக்கும். நாற்பது வருடம் வெயிலில் பால் மரம் சீவியவருக்குப் பழுப்புத் திட்டுகள் இருக்கும். அந்தத் திட்டுகளையும் வைக்காவிட்டால் புதுக் கண் மட்டும் பட்டணத்துக் கண்ணாகத் தெரியும்! இரத்த நாளங்களுக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, இழை இழையாக எடுத்து ஒட்டுகிறார்கள். அதன்மேல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கை ஊற்றி, வெந்நீரில் வேகவைத்து இறுக்கி, பிறகு பளிங்குபோல் வழவழப்பாகும்வரை தேய்க்கிறார்கள். வழவழப்பு அழகுக்காக மட்டுமல்ல. சொரசொரப்பாக இருந்தால் இமையின் உள்பக்கம் புண்ணாகும், கிருமியும் தங்கும்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் ஏறத்தாழ 16,000 முதல் 18,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். வலி இருக்காது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் மின்னும். "பாப்பாவுக்குப் பூனைக்கண்ணு" என்று பாட்டி கொஞ்சிக்கொண்டிருப்பார். அந்த வெண்மையைக் கண்டால் மறுநாளே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சீக்கிரம் போனால் சில வேளைகளில் கண்ணையே காப்பாற்றலாம். வளர்ந்த நாடுகளில் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். பிந்தினால் உயிருக்கே ஆபத்து.

கண்ணை எடுத்தே தீர வேண்டும் என்றாகிவிட்டால், செயற்கைக் கண் அந்தக் குழந்தைக்கு முக அழகு மட்டும் அல்ல. குழந்தையின் முக எலும்பு வளர்வதற்கு உள்ளே இருக்கும் கண்ணின் பருமன் ஒரு தூண்டுதல். வெறும் குழியாக விட்டால் அந்தப் பக்கத்து முகம் வளராமல் பின்தங்கிவிடும். பத்து வயதில் அது தெரியும், இருபது வயதில் பெண் பார்க்க வருபவர்களுக்கும் தெரியும். ஆகவே சின்னச் சிப்பியில் தொடங்கி, குழந்தை வளர வளரப் பெரிதாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். "பெரியவளானதும் ஒரேயடியாக நல்லதா செஞ்சுக்கலாம்" என்று தள்ளிப்போடும் பெற்றோர் பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார்கள். மகள் முகத்தை அடகு வைக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

துப்பறியும் 'கொலம்போ'வாகத் தொலைக்காட்சியில் வந்த பீட்டர் பால்க்கை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தப் புற்றுநோயால் மூன்று வயதில் வலக் கண்ணை இழந்தவர் அவர். பள்ளி நாளில் பேஸ்பால் ஆட்டத்தில் நடுவர் தவறாகத் தீர்ப்பு சொன்னதும், தம் செயற்கைக் கண்ணைக் கழற்றி, "உமக்குத்தான் இது தேவை" என்று நீட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பராமரிப்பு எளிது. தினமும் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் சோப்பும் தண்ணீரும் போதும். ஸ்பிரிட் படக்கூடாது, அக்ரிலிக்கில் கீறல் விழும். முகம் துடைக்கும்போது மூக்கை நோக்கித் துடைக்க வேண்டும். வெளிப்பக்கமாகத் துடைத்தால் கழன்று வந்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு தடவையாவது கலைஞரிடம் கொடுத்து மெருகேற்ற வேண்டும். ஏறத்தாழ ஐந்து ஆண்டில் புதிது தேவைப்படும். எஞ்சியிருக்கும் ஒரே கண்ணைக் காக்கப் பவர் இல்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட வேண்டும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடச் சில மாதம் ஆகும். டீயை கிளாஸுக்கு வெளியே ஊற்றிவிட்டால் வீட்டில் யாரும் சிரிக்க வேண்டாம்.

வேலையிடத்து விபத்தில் கண்ணை இழந்தவர் சொக்சோ சந்தாதாரராக இருந்தால், செயற்கை உறுப்புகளுக்கு அதன் மறுவாழ்வுப் பிரிவில் விசாரிக்க வேண்டும். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக் காப்பீடு உண்டு. தமிழகத்துக்குக் கோயில் பயணம் போகிறவர்கள், சென்னை, மதுரை கண் மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். லண்டன் மூர்பீல்ட்ஸ் மருத்துவமனையில் 2021 நவம்பரில், கணினி அளவெடுத்து முப்பரிமாண அச்சில் செய்த கண்ணை ஒருவருக்குப் பொருத்தினார்கள். நாள்கள் குறையும். ஆனால் அங்கும் கடைசியில் மெருகேற்றிச் சரிபார்த்தது ஒரு கலைஞரின் கைதான்.

மண்டபத்தில் நின்ற பெரியவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? அவருடைய மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்வார்கள். அவர் தம் முகத்தைக் கண்ணாடியில் நேராக மட்டும்தான் பார்த்திருக்கிறார். முப்பது வருடம் எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்தவர் மனைவிதான். மெழுகுச் சிப்பியைப் போட்டதும் கலைஞர் அவரிடம்தான் கேட்பார்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கக் கலக்கமா இருக்கிற மாதிரி இல்ல?"

"ஆமாம்மா. மேலே கொஞ்சம் ஏத்தணும்." சிப்பியை எடுத்து, மேல் விளிம்பில் நகக்கண் அளவு மெழுகை உருக்கி ஒட்டி, ஆறவிட்டு, மறுபடி போடுகிறார். "ஐயா, கண்ணாடியைப் பார்க்காதீங்க. நேரா அம்மாவைப் பாருங்க."